50 நொடியில் ஒரு படம்: திட்டம், ஷூட்டிங், எடிட்டிங் எங்கிருந்து வந்தன?

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.]

இன்னைக்கு ஒரு சின்ன வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் எங்க அப்பா தன்னோட தையல் கடையை மூடினார். புரசைவாக்கத்துல 31 வருஷம் நடந்த கடை. கடைசி நாள் முழுக்க நான் கூடவே இருந்து போன்ல வீடியோ எடுத்தேன். கட்டிங் மேசை, அளவு நோட்டு, சுவர்ல தொங்கின டேப், டீ கொண்டுவந்த பையன், சீலிங் ஃபேன், மறுபடியும் கட்டிங் மேசை. ராத்திரி எட்டரை மணிக்கு அப்பா மிஷினுக்கு உறை போட்டார், லைட்டை அணைச்சார், வெளியே வந்து ஷட்டரை இழுக்கக் கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து என் போன்ல ‘ஸ்டோரேஜ் ஃபுல்’னு வந்தது.

எதையாவது டெலிட் பண்ணலாம்னு நான் தடவிக்கிட்டு இருக்கும்போதே ஷட்டர் கீழே வந்துடுச்சு. பூட்டைப் போட்டுட்டு அப்பா கேட்டார்: “எல்லாம் எடுத்துட்டியாம்மா?”

“எடுத்துட்டேன்ப்பா”ன்னு சொன்னேன்.

2 மணி நேரம் 10 நிமிஷம் வீடியோ. சீலிங் ஃபேன் மட்டுமே 4 நிமிஷம் இருக்கு. ஷட்டர் இறங்கினது இல்லை. ஒரு வருஷமா அதை எடிட் பண்ண உட்காருவேன், பத்து நிமிஷத்துல எழுந்துடுவேன்.

முதன்முதலா வீடியோ எடுக்கிறவங்களுக்கு எல்லாரும் சொல்ற மூணு விஷயம் இருக்கு இல்லையா? முதல்ல திட்டம் போடு, அப்புறம் ஷூட் பண்ணு, அப்புறம் எடிட் பண்ணு. நானும் நூறு தடவை கேட்டிருக்கேன். இந்த மூணும் எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சப்போதான் ஒண்ணு புரிஞ்சது. நகரும் படத்தை முதன்முதலில் எடுத்தவர்களுக்கு ஆசிரியர் கிடையாது, டுடோரியல் கிடையாது. எல்லாருமே கத்துக்குட்டிகள். ஆனா என்கிட்ட இல்லாத ஒண்ணு அவங்ககிட்ட இருந்தது: பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறைதான் இந்த மூணு பாடத்தையும் சொல்லிக்கொடுத்தது. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

17 மீட்டர்

1895, பிரான்சின் லியோன் நகரம். அங்கே புகைப்படத் தகடுகள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. லூமியேர் குடும்பத்தின் தொழிற்சாலை. அந்த வீட்டுப் பிள்ளைகள் அகுஸ்த், லூயி என்ற இருவரும் ஒரு கருவியை உருவாக்கி, அந்த ஆண்டு பிப்ரவரியில் காப்புரிமை பெற்றார்கள். பெயர் சினிமடோகிராஃப். ஒரே மரப்பெட்டிதான். அதுவே கேமரா, அதுவே பிரதி எடுக்கும் இயந்திரம், அதுவே திரையில் காட்டும் புரொஜெக்டர்.

அந்தப் பெட்டிக்குள் போகும் ஃபிலிம் சுருளின் நீளம் சுமார் 17 மீட்டர். கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று என்ற வேகத்தில் கையாலேயே சுற்ற வேண்டும். நொடிக்கு ஏறக்குறைய 16 படங்கள் பதிவாகும். மொத்தம் சுமார் 50 நொடி. அவ்வளவுதான், ஃபிலிம் தீர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது என்ன பதிவாகிறது என்று பார்க்க வழி இல்லை. ஃபிலிமைப் போடுவதற்கு முன்பே பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, லென்ஸ் வழியாக விழும் பிம்பத்தைப் பார்த்து, இடத்தைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மூடிவிட்டு, நம்பிக்கையோடு சுற்ற வேண்டும்.

இப்போ நீங்க அந்த இடத்துல இருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. 50 நொடி. பார்க்க முடியாது. நிறுத்தித் திரும்ப எடுக்க இன்னொரு சுருள் வேணும். என்ன எடுப்பீங்க?

லூயி லூமியேர் தன் தொழிற்சாலையின் வாசலை எடுத்தார். கதவு திறக்கிறது. பெண்கள் கூட்டமாக வெளியே வருகிறார்கள். ஆண்கள் வருகிறார்கள், சைக்கிள்கள் வருகின்றன, ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. உலகின் முதல் திரைப்படங்களில் ஒன்றாக இன்றுவரை பேசப்படும் ‘தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் தொழிலாளர்கள்’ அதுதான். அந்தத் தெருவுக்கே இன்று ‘முதல் படத் தெரு’ என்று பெயர்.

பார்க்கும்போது ஏதோ தற்செயலாக எடுத்தது போலத்தான் இருக்கும். ஆனால் இந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி வருகிறது, ஒன்றில் இரட்டைக் குதிரை, இன்னொன்றில் குதிரையே இல்லை. ஆட்களின் உடைகூட மாறுகிறது. அதாவது, முதல் படத்துக்கே ரீடேக் இருக்கிறது. ‘சும்மா வாசல்ல கேமராவை வெச்சாங்க’ என்று நாம் நினைக்கிற ஒன்றை அவர்கள் திரும்பத் திரும்ப யோசித்து எடுத்திருக்கிறார்கள்.

அவர் தேர்ந்தெடுத்த விஷயத்தையும் கவனிங்க. வாசல் என்பது தானாகவே ஆரம்பமும் முடிவும் உள்ள ஒன்று. கதவு திறந்தால் ஆரம்பம், ஆட்கள் தீர்ந்தால் முடிவு. 50 நொடிக்குள் அடங்கிவிடும். அவர் எதையாவது எடுத்துவிட்டு அதற்குள் கதையைத் தேடவில்லை. 50 நொடியில் முடியக்கூடிய ஒன்றை முதலில் தேடினார். திட்டமிடுதல் என்று நாம் இன்று சொல்வது இதைத்தான். அதற்குப் பெரிய ஸ்கிரிப்ட் எல்லாம் வேண்டாம். ‘இது எங்கே முடியும்?’ என்ற ஒரே கேள்விக்கு, கேமராவைத் தொடும் முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியை நான் கடையில அன்னைக்குக் காலையில கேட்டிருந்தா, ‘ஷட்டர்’னு பதில் ஒரு நொடியில வந்திருக்கும்.

சிறுவனை ஏன் இழுத்துக்கொண்டு வந்தார்?

1895 டிசம்பர் 28. பாரிஸில் கிராண்ட் கஃபே என்ற உணவகத்தின் நிலவறை. கட்டணம் 1 பிராங்க். முதல் காட்சிக்கு வந்தவர்கள் சுமார் 33 பேர். அன்று காட்டப்பட்ட 10 குட்டிப் படங்களில் ஒன்று, தண்ணீர் பாய்ச்சும் தோட்டக்காரரைப் பற்றியது.

கதை இதுதான். தோட்டக்காரர் ரப்பர் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். பின்னால் ஒரு சிறுவன் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. இவர் குழாயின் வாயை முகத்துக்கு நேரே பிடித்து உற்றுப் பார்க்கிறார். அவன் காலை எடுக்கிறான். முகம் முழுக்கத் தண்ணீர். அவர் துரத்துகிறார், பிடிக்கிறார், பின்பக்கத்தில் நாலு வைக்கிறார். முடிந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. இன்று ரீல்ஸில் வரும் பாதி காமெடி இந்த அச்சில் வார்த்ததுதான்.

ஆனா நான் உங்களைப் பார்க்கச் சொல்றது வேற ஒரு இடத்தை. தோட்டக்காரர் சிறுவனைப் பிடிப்பது ஃபிரேமின் ஓரத்தில். அங்கேயே அடித்திருக்கலாமே? அடிக்கவில்லை. காதைப் பிடித்து, கேமராவுக்கு முன்னால் நடுவே இழுத்துக்கொண்டு வந்து, அப்புறம்தான் அடிக்கிறார்.

ஏன்னா, கேமரா நகராது. முக்காலியில் நிற்கிறது. திருப்பவும் முடியாது. அதனால் நடக்க வேண்டியதெல்லாம் அந்தச் செவ்வகத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும். கேமரா போய் விஷயத்தைத் தேடவில்லை, விஷயம் கேமராவிடம் வருகிறது.

நாம இன்னைக்குச் செய்றது நேர்எதிர். போனைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே என்று துழாவிக்கொண்டே இருப்போம். பார்க்கிறவருக்குத் தலைசுற்றும். ஏதோ ஒன்று எப்படியும் மாட்டும் என்ற நம்பிக்கை. லூமியேரின் ஆட்களுக்கு அந்த வசதி இல்லாததால், எங்கே நிற்பது என்பதையே முக்கியமான முடிவாக எடுத்துக்கொண்டார்கள்.

கேமரா எப்போதுமே நகரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே, 1896இல், லூமியேர் நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் அலெக்சாந்த்ர் புரோமியோ வெனிஸ் நகரத்துக்குப் போனார். முக்காலியோடு கேமராவை ஒரு படகில் ஏற்றினார். படகு போனது, கரையோர மாளிகைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. நகரும் ஷாட்களில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. அங்கேயும் பாருங்க, கேமரா ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகிறது. போவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. படகில் போகிறவர் கண்ணுக்கு நகரம் எப்படித் தெரியும் என்று காட்டுவதுதான் அந்தக் காரணம்.

ஷூட்டிங்குக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குக் கிடைக்கலை. நில்லு. நகர்ந்தா, ஏன் நகர்றேன்னு தெரிஞ்சுக்கிட்டு நகரு.

வண்டி எப்படிச் சவ வண்டியானது?

சரி, இதுவரை எல்லாமே ஒரே ஷாட். வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. எடிட்டிங் எப்படி வந்தது?

அந்த டிசம்பர் 28ஆம் தேதி கிராண்ட் கஃபேயில் படம் பார்த்தவர்களில் ஒரு மந்திரவாதி இருந்தார். நிஜமாகவே மேடையில் மாயாஜாலம் செய்கிறவர். பெயர் ஜார்ஜ் மெலியஸ். அவருக்கு உடனே அந்தக் கருவி வேண்டும். லூமியேர்கள் விற்க மறுத்துவிட்டார்கள். அவர் லண்டனில் ராபர்ட் பாலிடம் புரொஜெக்டர் ஒன்றை வாங்கி, அதையே கேமராவாக மாற்றியமைத்துக்கொண்டார்.

பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது. பாரிஸில் ஓபரா சதுக்கத்தில் ஒருநாள் தெருவைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். ஃபிலிம் சிக்கிக்கொண்டது. சரிசெய்ய ஒரு நிமிடம் ஆனது. பிறகு தொடர்ந்து எடுத்தார். அதைத் திரையில் ஓட்டிப் பார்த்தால், பயணிகள் வண்டி ஒன்று கண் முன்னாலேயே சவ வண்டியாக மாறுகிறது. ஆண்கள் பெண்களாக மாறுகிறார்கள். அந்த ஒரு நிமிட இடைவெளி திரையில் இல்லவே இல்லை.

அதே 1896இல் அவர் எடுத்த ஒரு படத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் திடீரென்று மறைந்துபோகிறார். பல வருஷம் நாம ஊர்ப் புராணப் படங்கள்ல, ‘டிங்’னு சத்தம் வந்து சாமி மறையுமே, அதேதான். ஆனால் கேமராவை நிறுத்தி எடுத்தது மட்டும் போதவில்லை. நிறுத்தும்போதும் மறுபடி சுற்றத் தொடங்கும்போதும் சில ஃபிரேம்கள் தாறுமாறாக வரும். மெலியஸ் அவற்றைக் கத்திரித்து எறிந்துவிட்டு, ஃபிலிமை ஒட்டினார். அதாவது தந்திரம் பாதி கேமராவில் நடந்தது, பாதி மேசையில் கத்திரியோடு நடந்தது.

ஆக, முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான்: எடிட்டிங்கால் நேரத்தை எடுத்துவிட முடியும்.

ஒரே பெண், இரண்டு தடவை

அடுத்த கேள்வி இதைவிடக் கஷ்டம். இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் நடப்பதை எப்படிக் காட்டுவது?

அமெரிக்காவில் எடிசன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் எட்வின் போர்ட்டர். 1903இல் வெளிவந்த அவருடைய படம் ஒன்று, ஒரு தீயணைப்பு வீரரைப் பற்றியது. எரியும் வீட்டில் ஒரு பெண்ணும் குழந்தையும் மாட்டிக்கொள்கிறார்கள். வீரர் வந்து காப்பாற்றுகிறார். போர்ட்டர் அதை அறைக்குள்ளிருந்து முழுசாகக் காட்டினார். பெண் மயங்குகிறார், வீரர் வருகிறார், ஜன்னல் வழியே தூக்கிப் போகிறார், திரும்பி வந்து குழந்தையை எடுக்கிறார். அது முடிந்ததும், அதே சம்பவத்தை வெளியே தெருவிலிருந்து முதலிலிருந்து மறுபடியும் காட்டினார். காப்பாற்றப்பட்ட பெண் இரண்டாவது தடவை காப்பாற்றப்படுகிறார்!

இதில் ஒரு வேடிக்கை. பிற்காலத்தில் யாரோ இந்தப் படத்தை உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று மாற்றி மாற்றி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இன்று நாம் செய்வது போல. பல ஆண்டுகள் வரலாற்றாசிரியர்கள் அந்தப் பிரதியைத்தான் அசல் என்று நம்பி, போர்ட்டரைப் பெரிய மேதை என்று புகழ்ந்தார்கள். அந்தக் காலத்தில் காப்புரிமைக்காகப் படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கொடுத்து வைப்பார்கள். அந்தக் காகிதப் பிரதியைப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஏன்னா, நமக்கு ரொம்ப இயல்பாத் தோணுற ஒரு ‘கட்’ அன்னைக்கு யாருக்கும் இயல்பாத் தோணலை. யாரோ தடுமாறி, தப்பாகச் செய்து, பிறகு கற்றுக்கொண்டதுதான் அது. உங்க முதல் எடிட் சரியா வரலைன்னா நீங்க 1903ல இருக்கீங்க, அவ்வளவுதான்.

அதே ஆண்டு போர்ட்டர் எடுத்த இன்னொரு படம், ரயில் கொள்ளையைப் பற்றியது. சுமார் 12 நிமிடம். அதில் கொள்ளைக்காரன் ஒருவன் நேராகக் கேமராவைப் பார்த்துத் துப்பாக்கியால் சுடும் ஒரு குளோசப் உண்டு. கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தியேட்டர்காரர்கள் அதைப் படத்தின் ஆரம்பத்திலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம் என்று எடிசன் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலே சொன்னது. ‘முதல் மூணு செகண்ட்ல ஹுக் இருக்கணும்’னு இன்னைக்குச் சொல்றாங்களே, அதுக்கு வயசு 120க்கு மேல.

பட்டாணிச் செடியும் பெங்களூர் ரயிலும்

நம்ம பக்கம் என்ன நடந்தது? லூமியேர் படங்கள் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் திரையிடப்பட்டது 1896 ஜூலை 7ஆம் தேதி. பாரிஸுக்கு அப்புறம் ஆறே மாதம். ஆனால் அதைப் பார்த்து ஒரு இந்தியர் முழு நீளக் கதைப் படம் எடுக்க இன்னும் பல வருஷம் ஆனது.

1911இல் பம்பாயில் ஒரு கூடாரத் தியேட்டரில் ஏசுவின் வாழ்க்கையைப் பற்றிய படத்தைப் பார்த்தார் தாதாசாகேப் பால்கே. அப்போது அவருக்கு வயது 40ஐத் தாண்டிவிட்டது. நிலையான வருமானம் இல்லை. அதன் பிறகு கிடைத்த படத்தையெல்லாம் பார்த்தார், தூங்காமல் சோதனைகள் செய்தார். ஒரு கட்டத்தில் கண் பார்வையே போய், சிகிச்சைக்குப் பிறகு திரும்பியது. இன்ஷூரன்ஸ் பாலிசியை அடமானம் வைத்து 1912இல் லண்டன் போனார். ஒரு வில்லியம்சன் கேமராவை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

ஊர் திரும்பினால் பணம் போட ஆள் இல்லை. இந்த மனுஷன் சினிமா எடுப்பார் என்று யார் நம்புவார்கள்? பால்கே என்ன செய்தார் தெரியுமா? ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்தார். அதற்கு முன்னால் கேமராவை அசையாமல் நிறுத்தினார். ஒரு மாதத்துக்கும் மேலாக, இடைவெளி விட்டு விட்டுப் படம்பிடித்தார். திரையில் ஓட்டியபோது, ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் நேரத்தில் விதை முளைத்து, செடியாக எழுந்து, கொடியாகப் படர்ந்தது. அதைப் பார்த்தவர்கள் கடன் தர முன்வந்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. நடிகர் இல்லை, செட் இல்லை, பணம் இல்லை. கையில் இருந்தது ஒரு கேமராவும் பொறுமையும். பட்டாணிச் செடிக்கும் லூமியேரின் வாசலைப் போலவே ஒரு ஆரம்பம் இருக்கிறது, ஒரு முடிவு இருக்கிறது.

இந்தக் கதையில் பால்கேயின் மனைவி சரஸ்வதிபாயைச் சொல்லாமல் விடக் கூடாது. நகைகளைக் கொடுத்தவர் அவர். அப்போது வந்த கச்சா ஃபிலிமில் ஓரத் துளைகள் இருக்காது. இருட்டறையில் உட்கார்ந்து, ஃபிலிமில் துளை போட்டவரும் அவர்தான். படக்குழு முழுவதற்கும் சமைத்துப் போட்டவரும் அவரே. 1913 மே 3ஆம் தேதி பம்பாய் கொரொனேஷன் தியேட்டரில் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியானது. பெண்கள் யாரும் நடிக்க முன்வராததால், தாராமதியாக நடித்தவர் ஒரு உணவகத்தில் வேலை பார்த்த சாளுங்கே என்ற ஆண்.

இன்னும் சில வருஷம் கழித்து மெட்ராஸுக்கு வருவோம். மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியார், புனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ போட்டு, ‘கீசக வதம்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப் படம் அது. ஆமாம், எங்க அப்பா கடை இருந்த அதே புரசைவாக்கம்.

மெட்ராஸ் வெயில் ஃபிலிமுக்கு ஆகாது என்று அவர் பெங்களூரில் லேப் வைத்திருந்தார். வாரக் கடைசியில் எடுத்த ஃபிலிமோடு ரயில் ஏறுவார். அங்கே கழுவிப் பார்த்துவிட்டு, ஷூட்டிங்குக்குத் திரும்பி வருவார். புதன்கிழமை எடுத்த ஷாட் சரியாக வந்திருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வார இறுதி ஆக வேண்டும். நாம எடுத்த அடுத்த நொடியே கேலரியைத் திறந்து பார்க்கிறோம். பார்த்துட்டு, ‘சரி, இன்னொண்ணு எடுத்துக்கலாம்’னு விட்டுடுறோம்.

ஃபிலிமே இல்லாத வகுப்பு

பற்றாக்குறையின் உச்சத்தைப் பார்க்க, கடைசியாக மாஸ்கோவுக்குப் போக வேண்டும். 1919. புரட்சிக்குப் பின் உள்நாட்டுப் போர். கச்சா ஃபிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரவில்லை. அந்த நேரத்தில்தான் அங்கே ஒரு திரைப்படப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பாடம் நடத்தியவர்களில் ஒருவர் லெவ் குலெஷோவ். அவருக்கே வயது 20தான்.

படம் எடுக்கக் கற்றுக்கொள்ள மாணவர்கள் வந்துவிட்டார்கள். ஃபிலிம் இல்லை. என்ன செய்வது? மேடையில் ஷாட் ஷாட்டாகப் பிரித்து நடித்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு வைத்த பெயரே ‘ஃபிலிம் இல்லாத படங்கள்’. இன்னொரு பக்கம், பழைய படங்களின் துண்டுகளை எடுத்து மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள்.

அப்படி வந்ததுதான் எல்லா சினிமாப் பள்ளியிலும் இன்றுவரை சொல்லப்படும் அந்தச் சோதனை. மோஸ்யூகின் என்ற நடிகரின் பழைய குளோசப் ஒன்று. முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. அதன் பக்கத்தில் ஒரு தட்டு சூப்பை ஒட்டினார்கள். அப்புறம் அதே முகம், பக்கத்தில் ஒரு சவப்பெட்டி. அப்புறம் அதே முகம், பக்கத்தில் விளையாடும் குழந்தை. பார்த்தவர்கள், ‘அடடா, என்ன பசி! என்ன துக்கம்! என்ன பாசம்!’ என்று நடிப்பைப் பாராட்டினார்கள் என்று குலெஷோவின் மாணவர் புடோவ்கின் பிறகு எழுதினார். அந்தப் பிரதி இன்று இல்லை, அதை எடுத்தவர்கள் எழுதி வைத்ததுதான் மிச்சம். ஆனால் நீங்க உங்க போன்லயே இதைச் செஞ்சு பார்க்கலாம். வேலை செய்யும்.

அவர்கள் செய்த இன்னொரு சோதனை: ஒரு ஆணும் பெண்ணும் மாஸ்கோ தெருக்களில் நடந்து வந்து சந்திக்கிறார்கள். அடுத்த ஷாட்டில் ஒரு பெரிய கட்டிடம். அடுத்த ஷாட்டில் இருவரும் படிக்கட்டில் ஏறுகிறார்கள். அந்தக் கட்டிடம் ஓர் அமெரிக்கப் படத்திலிருந்து எடுத்த வாஷிங்டன் வெள்ளை மாளிகை. படிக்கட்டு மாஸ்கோவின் ஒரு தேவாலயத்துடையது. பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே இடம்.

மெலியஸ் நேரத்தை எடுத்துவிட்டார் என்றால், குலெஷோவ் தூரத்தையே எடுத்துவிட்டார். இரண்டு ஷாட்டுக்கு நடுவே இல்லாத ஒன்றைப் பார்ப்பவரின் மனசே போட்டு நிரப்பிக்கொள்ளும். இதில் ஒரு பலமும் இருக்கிறது, ஒரு ஆபத்தும் இருக்கிறது. இதே கத்திரியை வைத்து ஒருவர் சொல்லாததைச் சொன்ன மாதிரியும், சிரிக்காத இடத்தில் சிரித்த மாதிரியும் காட்ட முடியும். தினமும் நமக்கு வர்ற கிளிப்கள்ல பாதி அப்படித்தான் வருது.

மறுபடியும் கடை வாசலில்

சரி, என் வாக்குமூலத்துக்கு வருவோம்.

இதையெல்லாம் படிச்சு முடிச்சதும், எனக்கு நானே ஒரு ரூல் போட்டுக்கிட்டேன். 2 மணி 10 நிமிஷத்துலேருந்து 50 நொடி. அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது. ஃபிலிம் தீர்ந்துடுச்சுன்னு வெச்சுக்கிட்டேன்.

அந்த ரூலைப் போட்டவுடனே ஃபேன் போயிடுச்சு. டீ பையன் போயிட்டான். மிஞ்சினது ஆறே ஷாட். அளவு நோட்டைப் புரட்டும் விரல்கள். சுவரிலிருந்து டேப்பை எடுத்துச் சுருட்டுவது. கடைசியா வந்த வாடிக்கையாளரிடம் பிளவுஸைக் கொடுப்பது. மிஷினுக்கு உறை போடுவது. ஜன்னலை மூடுவது. லைட் அணைவது.

ஏழாவது ஷாட்? அது என்கிட்ட இல்லை.

குலெஷோவை நினைச்சுக்கிட்டு, ஒரு நாள் காலையில ஆறு மணிக்குப் புரசைவாக்கம் போனேன். இப்போ அங்கே மொபைல் கவர் விற்கிற கடை. ஆனா ஷட்டர் அதேதான், நீல பெயின்ட்கூட மாறலை. புது போர்டு தெரியாத மாதிரி நெருக்கமா ஃபிரேம் வெச்சு, போனை ஒரு ஸ்டூல் மேல நிறுத்தி, அசையாம பத்து நொடி எடுத்தேன். மூடியிருக்கும் ஷட்டர். அவ்வளவுதான்.

லைட் அணையுது, அடுத்தது ஷட்டர். நடுவுல அப்பா அதை இழுத்து மூடினதைப் பார்க்கிறவங்க மனசே போட்டுக்கும்.

ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை பார்த்தார். அப்புறம் கேட்டார்: “கடைசியில வர்றது அன்னைக்கு எடுத்தது இல்லையே? பூட்டு வேறயா இருக்கே.”

மாட்டிக்கிட்டேன். ஸ்டோரேஜ் ஃபுல் ஆனதைச் சொன்னேன். ‘எடுத்துட்டேன்’னு பொய் சொன்னதையும் சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. மூணாவது தடவையும் போட்டுப் பார்த்துட்டு, “பரவாயில்லம்மா, ஒட்டுப் போட்டது தெரியலை”ன்னார். ஒரு டெய்லர் கொடுக்கக்கூடிய பெரிய சர்டிஃபிகேட் அது.

இந்த வாரம் நீங்களும் ஒண்ணு எடுங்க. 50 நொடி. முதல்ல கடைசி ஷாட் என்னன்னு ஒரு வரியில எழுதுங்க. போனை எங்கேயாவது அசையாம வெச்சு, அஞ்சாறு ஷாட் மட்டும் எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் பத்து நொடி போதும். அப்புறம் உட்கார்ந்து, எது இல்லாட்டியும் புரியுமோ அதை வெட்டிடுங்க. லைட், மைக், ஆப் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

முக்கியமா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டோரேஜைப் பார்த்துக்கோங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.